யாருக்காக அந்த நாட் அவுட்?

2025 ஏப்ரல் 5, சனிக்கிழமை சாயங்காலம். பெங்களூரிலிருந்து ஊருக்கு வந்திருந்தேன். பேரிகையில் நான் எப்போதும் போய் நிற்கும் டீக்கடையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. சேப்பாக்கத்தில் டெல்லி 183 அடித்திருந்தது. சென்னை 20 ஓவர் முடிவில் 158. போனது ஐந்தே விக்கெட். விஜய் சங்கர் 54 பந்தில் 69 நாட் அவுட். தோனி 26 பந்தில் 30 நாட் அவுட். 25 ரன்னில் தோல்வி.

கடைசிப் பந்து முடிந்ததும், மஞ்சள் டி-ஷர்ட் போட்ட தம்பி ஒருவன் கிளாஸைக் கீழே வைத்தான். ஓசூர் சிப்காட்டில் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடித்துவிட்டு வந்தவன். "பரவால்லணா, தோத்தாலும் தல நாட் அவுட்" என்றான்.

கடையில் நாலைந்து பேர் தலையாட்டினார்கள். மூலையில் உட்கார்ந்திருந்த ஆர்சிபிக்காரர் மட்டும் டீயைப் பார்த்துச் சிரித்தார்.

"ஏன் தம்பி, மீதி அஞ்சு விக்கெட்டை என்ன பண்றது? பார்சல் கட்டி வீட்டுக்கு எடுத்துட்டுப் போறதா?" என்று கேட்டேன்.

துரோகியைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தான். "அவங்க ரெண்டு பேரும் நிக்கலன்னா நூத்தி இருவதுக்கே சுருண்டிருக்கும்ணா. உங்களுக்கு கிரிக்கெட் தெரியல." ஒரு மணி நேரம் பேசினோம். கடை மொத்தமும் அவன் பக்கம். நான் தோற்றுத்தான் வீட்டுக்கு வந்தேன். அன்றைக்கு வாயில் வராத பதில்தான் இந்தக் கட்டுரை.

முதலில் என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊருக்குச் சேப்பாக்கத்தைவிடச் சின்னசாமி மைதானம் பல மடங்கு பக்கம். வீட்டில் தெலுங்கு, கடையில் தமிழ், மாலூர் போகும் பஸ்ஸில் கன்னடம் என்று பேசிப் பழகிய ஊர். ஒரே வீட்டில் அண்ணன் மஞ்சள், தம்பி சிவப்பு என்று பிரிந்து சாப்பாட்டுத் தட்டோடு சண்டை போடுவார்கள். நான் 2008லிருந்து மஞ்சள். "ஈ சலா கப் நம்தே" என்று கத்தியவர்களோடு பதினேழு வருஷம் மல்லுக்கட்டியவன். அதனால் இதை எதிரி அணிக்காரன் எழுதியது என்று ஒதுக்கிவிட முடியாது.

என் வாதம் இதுதான். தோற்ற ஆட்டத்தில் விக்கெட்டை மிச்சம் வைத்து முடிப்பது சாதனை இல்லை, விரயம். அந்த விரயத்துக்குக் கைதட்டும் ரசிகனுக்கும் தோல்வியில் பங்கு இருக்கிறது.

*

மிச்சத்தைப் பற்றி நம்மைவிட அதிகம் கவலைப்படுகிறவர்கள் பேஸ்பால் ரசிகர்கள். சில வருடங்களுக்கு முன் வேலைக்காக எட்டு மாதம் அமெரிக்காவில் இருந்தேன். பக்கத்து சீட்டுக்காரருக்குக் காலையில் காபி குடிப்பதற்கு முன்னால் ஒரு புலம்பல் உண்டு: "நேத்து பன்னிரண்டு பேரை பேஸ்ல விட்டுட்டானுங்க."

விஷயம் எளிமையானது. பேஸ்பாலில் அடித்தவன் முதல் பேஸுக்கு ஓடுகிறான். பின்னால் வருகிறவர்கள் அடிக்க அடிக்க இரண்டாவது, மூன்றாவது என்று நகர்ந்து, கிளம்பிய இடத்துக்கே திரும்பி வந்தால்தான் ஒரு ரன். மூன்று பேர் அவுட்டானால் அந்த இன்னிங்ஸ் முடிந்தது. அப்போது வழியில் நிற்பவர்களுக்கு மதிப்பு பூஜ்யம். மூன்றாவது பேஸ்வரை வந்துவிட்டேனே என்று அழுதாலும் பாதி ரன் தர மாட்டார்கள். இப்படி நின்றுபோனவர்களை எண்ணி ஸ்கோர்கார்டில் தனியாகப் போடுவார்கள். ரசிகர்கள் அந்த எண்ணைப் பார்த்துத்தான் பல்லைக் கடிப்பார்கள்.

எஞ்சினியர் புத்தி சும்மா இருக்குமா? ஒரு நாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஓர் அணியில் அடிக்க வந்த ஒவ்வொருவரும் மூன்றில் ஒரு கணக்கில் விழுந்தாக வேண்டும்: ரன், அல்லது அவுட், அல்லது வழியில் நின்றவர். அப்படியானால் நிறைய பேர் வழியில் நிற்கிறார்கள் என்றால் நிறைய பேர் பேஸுக்குப் போயிருக்கிறார்கள் என்று அர்த்தம். பேஸுக்கே போகாத அணியால் யாரையும் அங்கே விட்டுவிட முடியாது. 1956இல் நியூயார்க் யாங்கீஸ் அணி பாஸ்டனுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 20 பேரை வழியில் விட்டுத் தோற்றது. ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தில் அதுதான் சாதனை எண். அதே யாங்கீஸ்தான் அந்த வருடம் உலகத் தொடரை வென்றது.

இதைச் சொன்னதும் பக்கத்து சீட்டுக்காரர் கடுப்பானார். "கணக்கு சரிதான். ஆனா அந்த ஆளு அங்க நிக்கிறதைப் பாத்தா வயிறு எரியுது" என்றார்.

அந்த வயிற்றெரிச்சல் எனக்குப் பிடித்திருந்தது. அவர் கணக்கில் தவறியிருக்கலாம், ஆனால் மிச்சமானதைப் பார்த்தால் அவருக்குக் கோபம் வருகிறது. நம் ஊரில் மிச்சத்துக்கு மாலை போடுகிறோம். இத்தனைக்கும் பேஸ்பாலில் மிச்சமானவன் களத்துக்குப் போய், ஓடி, பாதி வழி வந்தவன். கிரிக்கெட்டில் மிச்சம் என்பது களத்துக்கே அனுப்பப்படாதவன். ஐந்து விக்கெட் போன இன்னிங்ஸில் ஏழு பேர் ஆடியிருப்பார்கள். பாக்கி நான்கு பேர் உட்கார்ந்து பார்த்திருப்பார்கள்.

*

விக்கெட்டின் விலை எல்லா ஆட்டத்திலும் ஒன்றல்ல. டெஸ்டில் பந்துக்கு வரம்பு இல்லை, கடைசி விக்கெட் விழாமல் நின்றால் ஆட்டத்தையே டிரா செய்து காப்பாற்றலாம். அங்கே விக்கெட் தங்கம். ஒருநாள் ஆட்டத்தில் 300 பந்து, 10 விக்கெட்: ஒரு விக்கெட்டுக்கு 30 பந்து. டி20இல் 120 பந்து, அதே 10 விக்கெட்: ஒரு விக்கெட்டுக்கு வெறும் 12 பந்து. பற்றாக்குறை பந்துக்குத்தான், விக்கெட்டுக்கு இல்லை. ஆனால் நாம் டெஸ்ட் காலத்து மனசோடு டி20 பார்க்கிறோம். குறைவாக இருப்பதைச் செலவழித்து, நிறைய இருப்பதைப் பூட்டி வைக்கிறோம்.

மழை வந்தால் இலக்கை மாற்றும் டக்வொர்த் லூயிஸ் முறை நம்மூரில் ஜோக்குக்குத்தான் பயன்படுகிறது. அதன் அடிப்படை மிகத் தெளிவானது. ஓர் அணியின் கையில் இருக்கும் வளம் இரண்டு: மீதி ஓவர், மீதி விக்கெட். இரண்டும் சேர்ந்தால்தான் வளம். ஓவர் தீர்ந்துவிட்டால் கையில் ஒன்பது விக்கெட் இருந்தாலும் வளம் பூஜ்யம்.

இதை எங்கள் ஊர்க்காரர்களுக்கு நான் விளக்கவே வேண்டாம். பேரிகை, பாகலூர் பக்கமெல்லாம் ரோஜாத் தோட்டம். என் மாமா பசுமைக்குடில் போட்டிருக்கிறார். பிப்ரவரி 14க்குப் போக வேண்டிய பூவை அதற்குச் சில நாள் முன்னாலேயே வெட்டி, கட்டி, ஏற்றிவிட வேண்டும். 16ஆம் தேதி குடிலுக்குள் போய்ப் பார்க்கும்போது செடி நிறையப் பூ நின்றால், "ஆஹா, எவ்வளவு மிச்சம் பிடிச்சிருக்கோம்" என்று மாமா சந்தோஷப்படுவாரா? தலையில் கை வைத்துக்கொள்வார். டீக்கடையில் என்னை எதிர்த்துத் தலையாட்டியவர்களில் இரண்டு பேர் பூ விவசாயிகள்!

*

தம்பியின் வாதத்துக்கு நேராக வருகிறேன். "அவங்க நிக்கலன்னா 120க்கே சுருண்டிருக்கும்." இருக்கலாம். ஜடேஜா அவுட்டானபோது சென்னை 10.4 ஓவரில் 5 விக்கெட்டுக்கு 74. வெற்றிக்கு 56 பந்தில் 110 வேண்டும். பந்துக்குக் கிட்டத்தட்ட இரண்டு ரன். அடித்தால் வெல்ல ஒரு சின்ன வாய்ப்பு உண்டு, அசிங்கமாகத் தோற்க பெரிய வாய்ப்பு உண்டு. நிதானமாக நின்றால் தோல்வி உறுதி, ஆனால் தோல்வி கௌரவமாக இருக்கும். அவர்கள் 56 பந்தில் 84 எடுத்தார்கள். புள்ளிப் பட்டியலில் இரண்டு தோல்விக்கும் கிடைப்பது அதே பூஜ்யம்.

"நெட் ரன் ரேட்?" என்பீர்கள். நியாயமான கேள்வி. 60 ரன்னில் தோற்பதைவிட 25 ரன்னில் தோற்பது அந்தக் கணக்கில் நல்லதுதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நெட் ரன் ரேட் விக்கெட்டை எண்ணுவதே இல்லை. 5 விக்கெட்டுக்கு 158 என்றாலும் ஆல் அவுட் 158 என்றாலும் 20 ஓவர் கணக்குதான், ரேட் ஒன்றுதான். அந்த ஐந்து விக்கெட்டுக்கு எந்தப் பேரேட்டிலும் வரவு இல்லை. அந்த சீசனில் சென்னை 14 ஆட்டத்தில் 4 மட்டும் வென்று, வரலாற்றில் முதல்முறையாகப் பட்டியலின் கடைசி இடத்தில் போய் நின்றது. காப்பாற்றிய ரன் ரேட்டை எந்தப் பீரோவில் வைத்திருக்கிறோம்?

விக்கெட்டுக்கு வரவு வைக்கும் பேரேடு ஒன்று இருக்கிறது. அது தனிமனிதனின் சராசரி. அடித்த ரன்னை, அவுட்டான தடவைகளால் வகுக்கிறோம். ஆடிய தடவைகளால் அல்ல. தோனியின் ஒருநாள் சராசரி 50.57. அதற்குப் பின்னால் 84 நாட் அவுட்டுகள். மைக்கேல் பெவனின் 53.58க்குப் பின்னால் 67. இவர்கள் பெரிய ஆட்டக்காரர்கள் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. வென்ற ஆட்டத்தின் நாட் அவுட் என்பது வேலையை முடித்ததற்கான முத்திரை. 2011 இறுதியாட்டத்தின் அந்த 91ஐ யார் குறை சொல்ல முடியும்? சிக்கல் என்னவென்றால், வென்ற நாட் அவுட்டையும் தோற்ற நாட் அவுட்டையும் சராசரி ஒரே தட்டில் வைக்கிறது. நாங்கள் சாஃப்ட்வேரில் இதைத் தினமும் பார்க்கிறோம். எதை அளக்கிறாயோ அதற்காகத்தான் ஆட்கள் வேலை செய்வார்கள்.

எல்லாத் தோற்ற நாட் அவுட்டும் குற்றம் என்றும் சொல்லவில்லை. 2025 ஜூன் 3, அகமதாபாத் இறுதியாட்டத்தில் பஞ்சாபின் ஷஷாங்க் சிங் 30 பந்தில் 61 நாட் அவுட். அணி 6 ரன்னில் தோற்றது. அவர்மேல் யாராவது பழி போட்டால் நானே சண்டைக்கு வருவேன். அதே ஆட்டத்தில் நேஹல் வதேரா 18 பந்தில் 15 எடுத்தார். பந்தைத் தின்றவர் யார், பந்தை ரன்னாக மாற்றியவர் யார் என்று பார்த்தால் போதும். அவுட்டா, நாட் அவுட்டா என்பது அங்கே இரண்டாவது கேள்வி.

*

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? 1975 ஜூன் 7, லார்ட்ஸ். முதல் உலகக் கோப்பையின் முதல் நாள். இங்கிலாந்து 60 ஓவரில் 334. பதிலுக்குக் கவாஸ்கர் 60 ஓவரும் நின்று 174 பந்தில் 36 நாட் அவுட். இந்தியா 3 விக்கெட்டுக்கு 132. ஏழு விக்கெட் மிச்சம், 202 ரன்னில் தோல்வி. அன்றைய ரசிகர்களுக்குக் கோபம் வந்தது. ஆக, மிச்சம் பார்த்துக் கோபப்படத் தெரிந்தவர்களாகத்தான் நாமும் இருந்திருக்கிறோம்.

என் தலைமுறைக்கு அந்தக் கோபம் இடம் மாறிய நாள் 1999 ஜனவரி 31 என்று நினைக்கிறேன். சேப்பாக்கம் டெஸ்ட், பாகிஸ்தான், இலக்கு 271. நான் நாலாம் வகுப்பு. அப்பா ஞாயிற்றுக்கிழமை என்பதால் வீட்டில் இருந்தார். முதுகு வலியோடு சச்சின் 136 அடித்து, வெற்றிக்கு 17 ரன் இருக்கும்போது சக்லைன் பந்தைத் தூக்கியடித்து வாசிம் அக்ரமிடம் கேட்ச் கொடுத்தார். அப்போது 254. பின்னால் வந்தவர்கள் எல்லாரும் சேர்ந்து சேர்த்தது 4 ரன். 258க்கு ஆல் அவுட், 12 ரன்னில் தோல்வி. சேப்பாக்கம் எழுந்து நின்று பாகிஸ்தானுக்குக் கைதட்டியது. அது அந்த மைதானத்தின் பெருமை, மறுக்கவில்லை. ஆனால் எங்கள் வீட்டில் அப்பா டிவியை அணைத்துவிட்டுச் சொன்னது ஒன்றுதான்: "அவுட் ஆயிட்டானேடா."

மீதிப் பேரின் பெயரை அப்பா சொல்லவில்லை. ஊரில் யாரும் சொல்லவில்லை. 136 அடித்தவன் பாவி, ஒன்றும் அடிக்காதவர்கள் வெறும் துரதிர்ஷ்டசாலிகள். பழி எப்போதும் அடித்து அவுட்டானவன்மேல்தான் விழும் என்பதை அன்றைக்கு ஒரு தலைமுறையே கற்றுக்கொண்டது. நின்றுகொண்டே தோற்றவன்மேல் விழாது என்பது அதன் மறுபக்கம். பழியின் திசை தெரிந்தால் ஆட்டக்காரன் எந்தப் பக்கம் ஒதுங்குவான் என்பது சொல்லாமலே தெரியும்.

2019 ஜூன் 30, எட்ஜ்பாஸ்டன் உலகக் கோப்பை ஆட்டத்தில் அதன் அறுவடையைப் பார்த்தோம். பாண்டியா அவுட்டானபோது 31 பந்தில் 71 வேண்டும். தோனியும் கேதார் ஜாதவும் அந்த 31 பந்தில் எடுத்தது 39. 5 விக்கெட்டுக்கு 306, 31 ரன்னில் தோல்வி, தோனி 42 நாட் அவுட். கையில் ஐந்து விக்கெட்டோடு, சிங்கிள் சிங்கிளாகத் தோல்வியை நோக்கி நடந்தோம்.

தோனியிடமே இதற்கு ஒரு பதில் இருக்கிறது. 2025 மே 3, சின்னசாமி. ஆர்சிபி 213, சென்னை 211. ஆயுஷ் மாத்ரே 48 பந்தில் 94 அடித்து அவுட். ஜடேஜா 45 பந்தில் 77 நாட் அவுட். தோனி 8 பந்தில் 12. இரண்டு ரன்னில் தோல்வி, கையில் ஐந்து விக்கெட். ஆட்டம் முடிந்து பேசும்போது, தான் இன்னும் ஓரிரு பந்துகளை அடித்திருக்க வேண்டும், பழி தன்னுடையது என்று அவரே ஏற்றுக்கொண்டார். அவர் ஏற்றுக்கொண்டதை அவருடைய ரசிகன் இன்னும் ஏற்கவில்லை.

*

இதற்கு நேர் எதிரான ஒரு காரியத்தைச் செய்தவரும் நம் ஊர்க்காரர்தான், அதுவும் எஞ்சினியர். 2022 ஏப்ரல் 10. ராஜஸ்தானுக்காக ஆடிய அஷ்வின் 23 பந்தில் 28 எடுத்திருந்தார். பத்துப் பந்து பாக்கி. காயம் இல்லை, யாரும் அவுட்டாக்கவில்லை. தானாகவே 'ரிட்டயர்ட் அவுட்' ஆகி நடந்து வெளியே போனார். ஐபிஎல்லில் அப்படிச் செய்த முதல் ஆள். இனி தன்னைவிட வேகமாக அடிக்கக்கூடியவன் உள்ளே வரட்டும் என்ற கணக்கு. ரியான் பராக் வந்தார். ராஜஸ்தான் அந்த ஆட்டத்தை 3 ரன்னில் வென்றது.

அந்த முடிவு எப்போதும் பலிக்கும் என்று சொல்லவில்லை. 2025 ஏப்ரலில் மும்பை திலக் வர்மாவை ரிட்டயர் செய்து தோற்றது. சில நாள் கழித்துச் சென்னை கான்வேயை ரிட்டயர் செய்து தோற்றது. ஆனால் திலக் வெளியே வந்தபோது பேசப்பட்டதைக் கவனித்தீர்களா? "பையனை அவமானப்படுத்திட்டாங்க." அடுத்தவனுக்கு இடம் விடுவது எப்போது அவமானமானது?

டீக்கடைத் தம்பியோடு பேசியதில் எனக்கு அதிகம் உறுத்தியது இந்த இடம்தான். அவன் மூன்று வருடமாக கான்ட்ராக்ட்டில் இருக்கிறான். பர்மனென்ட் ஆகக் காத்திருக்கிறான். ஓசூர் பக்கம் பர்மனென்ட் என்ற சொல்லுக்கு என்ன மதிப்பு என்று உங்களுக்குத் தெரியும், அதை வைத்துத்தான் பெண் கொடுப்பார்கள். வாய்ப்புக்காக வெளியே உட்கார்ந்திருக்கும் வலி அவனைவிட யாருக்குத் தெரியும்? ஆனாலும் ஆட்டம் என்று வந்தால் அவன் மனசு உள்ளே நிற்பவன் பக்கமே போகிறது. வெளியே பேடு கட்டி உட்கார்ந்திருக்கும் நாலு பேர் அவன் கண்ணுக்குத் தெரியவே இல்லை.

*

அவனைக் குறை சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

காலேஜ் கடைசி வருஷம், எங்கள் பக்கத்தில் ஒரு டென்னிஸ் பால் டோர்னமென்ட். பத்து ஓவர் ஆட்டம். ஃபைனலில் 89 இலக்கு. நான் ஓப்பனிங் இறங்கினேன். எங்கள் டீமில் ஏழாவதாக இறங்க வேண்டியவன் பெரிய அடிக்காரன். கம்பெனியில் நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு, தூங்காமல் நேராக பைக்கில் வந்திருந்தான். பவுண்டரி கோட்டுக்குப் பக்கத்தில் பேட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

ஆறாவது ஓவரிலேயே எனக்குத் தெரியும், என் அடி எடுபடவில்லை என்று. பந்து மட்டையில் படுகிறது, ஆனால் தாண்டவில்லை. தூக்கி அடித்தால் இரண்டில் ஒன்று நடக்கும்: சிக்ஸர், அல்லது அவன் உள்ளே வருவான். இரண்டுமே டீமுக்கு நல்லது. நான் இரண்டையும் செய்யவில்லை. எட்டாவது, ஒன்பதாவது ஓவர்களின் கடைசிப் பந்தில் சிங்கிள் எடுத்து ஸ்ட்ரைக்கை என்னிடமே வைத்துக்கொண்டேன். பொறுப்பாக ஆடுகிறேன் என்று நிஜமாகவே நம்பினேன். 4 விக்கெட்டுக்கு 77. 11 ரன்னில் தோற்றோம். நான் 35 பந்தில் 34 நாட் அவுட்.

எனக்கு 'சிறந்த பேட்ஸ்மேன்' கப் கொடுத்தார்கள். அடுத்து இறங்க வேண்டியவன் கைதட்டினான், "சூப்பர்டா மச்சி" என்றான், பேட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு பைக்கை எடுத்தான். அன்று ராத்திரியும் அவனுக்கு ஷிஃப்ட். அடுத்த வருஷம் கூப்பிட்டோம், லீவு இல்லை என்றான். அதற்கடுத்த வருஷம் கூப்பிடவில்லை. நான் இதுவரை அவனிடம் அதைப் பற்றிப் பேசியதில்லை. கப் இன்னும் எங்கள் வீட்டு ஷோகேஸில் இருக்கிறது. வருகிறவர்களுக்கெல்லாம் அம்மா காட்டுவார். "கடைசி வரைக்கும் அவுட்டே ஆகலியாம்" என்பார்.

தம்பி, அடுத்த தடவை நம்ம டீம் இப்படித் தோற்றால் ஒன்றே ஒன்று செய். ஸ்கோர்கார்டில் நாட் அவுட் இருக்கும் வரியோடு நிறுத்தாதே. கொஞ்சம் கீழே போனால் 'பேட் செய்யாதவர்கள்' என்று ஒரு வரி இருக்கும். அந்தப் பெயர்களை ஒரு தடவை வாசி. அப்புறமும் கைதட்டத் தோன்றினால் தட்டு. நான் டீக்குக் காசு கொடுத்துவிட்டுப் போகிறேன்.